நண்பர்களுக்குப் புதிர் போடுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலை ஒரு புதிர், ஞாயிறு இரவு விடை. நண்பர்கள் பதினான்கு பேருக்காக இதை ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அவர்களில் நாலைந்து பேர் இப்போது தங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் இதே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தொடங்கிய இரண்டாவது வாரமே சந்தேகங்கள் வருகின்றன. ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து, நான் சொல்லிவந்த பதில்களை எழுதிவைக்கிறேன். ஓர் எச்சரிக்கை: உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட புதிர்களின் விடைகள் பெரும்பாலும் இங்கேயே உடைந்துவிடும். தானே யோசிக்க விரும்புகிறவர்கள் புதிரைப் படித்ததும் கண்ணை எடுத்துவிடுங்கள்.

விடுகதை, புதிர், மூளைக்கு வேலை எல்லாம் ஒன்றுதானே? எதைக் கொடுப்பது?

ஒன்றல்ல. விடுகதையில் உவமை ஒளிந்திருக்கும். 'ஒரு குகை, முப்பத்திரண்டு காவலர்கள், நடுவே ஒரு நாகம்' என்றால் வாய், பல், நாக்கு. பளிச்சென்று பிடிபடும், பிடிபடாவிட்டால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை. தருக்கப் புதிர் வேறு சாதி. அதில் தேவையான தகவல் முழுவதும் கேள்விக்குள்ளேயே இருக்கும். பொறுமையாகப் படிப்படியாகப் போனால் எவரும் விடையை அடையலாம், அடைந்ததும் அது சரிதான் என்று தனக்குத் தானே நிரூபித்துக்கொள்ளவும் முடியும்.

மூன்றாவதாக, கதைப் புதிர். ஒரு விசித்திரமான நிலைமையைச் சொல்லி, 'ஆம், இல்லை, தேவையில்லை' என்ற மூன்று பதில்களை மட்டும் கொடுத்து மற்றவர்களைத் துருவ விடுவது. பத்தாம் மாடியில் வசிக்கும் ஒருவர் லிஃப்டில் ஏழாம் மாடிவரை வந்து மீதியை நடக்கிறார், மழை நாளில் மட்டும் நேராகப் பத்துக்கே போகிறார், ஏன்? (ஆள் குள்ளம், மேல் பொத்தான் எட்டாது, மழை நாளில் கையில் குடை இருக்கும்.) இது நேரில் கூடியிருக்கும்போதுதான் களைகட்டும். எழுதி அனுப்புவதற்குத் தருக்கப் புதிர். பயணத்துக்குக் கதைப் புதிர். குழந்தைகள் இருந்தால் விடுகதை. என் கணக்கு இவ்வளவுதான்.

புதிரென்றாலே ஓடுகிற கூட்டம் இது. முதலில் எதைக் கொடுத்து இழுப்பது?

நாணயங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் ஒன்பது நாணயங்களில் ஒன்று மட்டும் சற்றே கனமானது. தராசு இருக்கிறது, எடைக்கல் இல்லை. இரண்டே நிறுவையில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலோர் நான்கு, நான்கு என்று பிரித்து இரண்டாவது நிறுவையில் முட்டிக்கொள்வார்கள். மும்மூன்றாகப் பிரித்தால் வேலை முடிந்தது: இரண்டு கூட்டங்களை நிறுத்தால் கனமான நாணயம் எந்த மூன்றுக்குள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த மூன்றில் ஒன்றையும் ஒன்றையும் தட்டில் வைத்தால் தீர்ந்தது.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இது ஒரு படிக்கட்டு. அடுத்த வாரம் 27 நாணயம், மூன்று நிறுவை என்று கொடுத்தால், போன வாரம் திணறியவரும் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார். அந்த ஐந்து நிமிடப் பெருமிதம்தான் உங்கள் முதலீடு. பிறகு ஒரு நாள், 12 நாணயத்தில் ஒன்று வேறுபட்டது, கனமா இலேசா என்பதுகூடத் தெரியாது, மூன்றே நிறுவை என்று இறக்குங்கள். அது ஒரு வாரத்துக்குப் போதும்.

வந்த புதிரை அப்படியே ஃபார்வர்டு செய்தால் போதாதா? திரும்ப எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். அதற்கு முன் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். கைமாறிக் கைமாறி வரும் புதிர்களில் ஒரு நிபந்தனை எங்கோ வழியில் உதிர்ந்துபோயிருக்கும்.

நானே உதிர்த்திருக்கிறேன். இரவில் நான்கு பேர் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். ஒரே ஒரு டார்ச் விளக்கு. அது இல்லாமல் நடக்க முடியாது. தனியாக நடந்தால் அவர்களுக்கு முறையே 1, 2, 5, 10 நிமிடங்கள் ஆகும். சேர்ந்து நடந்தால் மெதுவானவரின் வேகம்தான். குறைந்தது எத்தனை நிமிடத்தில் எல்லோரும் அக்கரை சேரலாம்? இப்படித்தான் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் ஒரு தோழியிடமிருந்து பதில்: '10 நிமிடம். நாலு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக நடந்துவிடட்டும்.' பாலம் ஒரு நேரத்தில் இருவரை மட்டுமே தாங்கும் என்ற வரியை நான் எழுதவேயில்லை. என் கேள்விக்கு அவர் விடைதான் சரி. மதிப்பெண்ணும் அவருக்குத்தான் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அனுப்புமுன் மூன்றைச் சரிபார்க்கிறேன்: என்ன அனுமதி, என்ன தடை, எதைக் கேட்கிறோம். 'ஒருவர்' என்ற சொல்லில் தனிக் கவனம் தேவை. 'இருவரில் ஒருவர் பொய்யர்' என்றால் இன்னொருவரும் பொய்யராக இருக்கலாமா, கூடாதா? 'ஒருவராவது' என்றோ 'ஒருவர் மட்டுமே' என்றோ எழுதிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

விடையை எத்தனை மணி நேரம் கழித்துச் சொல்வது?

நான் ஒன்றரை நாள் விடுகிறேன். ஒரு மணி நேரத்தில் சொல்வது சமைத்து முடிக்குமுன் இலையை எடுப்பது மாதிரி. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் கேள்வியே மறந்துபோயிருக்கும். நேரத்தைவிட முக்கியம், எப்போது சொல்வீர்கள் என்பதை முன்கூட்டியே அறிவிப்பது. விடை வரும் நேரம் தெரிந்தவர் அதுவரை தாக்குப்பிடிப்பார். தெரியாதவர் அரை மணியில் 'சரி, நீயே சொல்லிவிடு' என்று கைகழுவிவிடுவார்.

எங்கள் குழுவில் ஒருவர் பத்தே நிமிடத்தில் விடையைப் போட்டு உடைத்துவிடுகிறார். என்ன செய்வது?

விடை குழுவுக்கு வரக்கூடாது, உங்களுக்குத் தனியாக வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குழுவில் 'முடித்துவிட்டேன்' என்ற ஒரு சொல் மட்டும் போதும். இந்த ஒரு விதி இல்லாத குழுவில் புதிர் மூன்று மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்து நான் பார்த்ததில்லை. வேகமானவர் இரண்டு பேர் மட்டும் விளையாட, மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

உடைப்பவர் கெட்டவர் அல்ல, பாவம். கண்டுபிடித்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அவருக்கு. அந்த யாராவது நீங்களாக இருங்கள். தனியாக விடை வந்தால் 'சரி' என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், எப்படிப் பிடித்தீர்கள் என்று கேளுங்கள். வழியைக் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் அவர் குழுவில் கத்த மாட்டார்.

'இது எனக்கு முன்பே தெரியும்' என்று யாராவது சொல்லிவிட்டால் சப்பென்று ஆகிவிடுகிறதே?

ஆகத்தான் செய்யும். நல்ல புதிர்கள் பெரும்பாலும் பழையவை. தெரியும் என்று நேர்மையாகச் சொன்னவரை அந்த வாரம் குறிப்புக் கொடுப்பவராக நியமித்துவிடுங்கள். தெரிந்தும் தெரியாததுபோல நடித்து ஐந்தாம் நிமிடத்தில் 'ஆகா, பிடித்துவிட்டேன்' என்பவர்தான் தொல்லை. அவருக்கு மருந்து இல்லை.

குறிப்புக் கொடு, குறிப்புக் கொடு என்று நச்சரிக்கிறார்கள். எவ்வளவு கொடுக்கலாம்?

விடையின் ஒரு துண்டை உடைத்துக் கொடுப்பது குறிப்பு அல்ல. அவர் மனத்தில் அறியாமல் போட்டுக்கொண்ட பூட்டு ஒன்று இருக்கும். அதைத் தொட்டுக் காட்டுவதுதான் குறிப்பு. மேலே சொன்ன பாலத்தையே எடுத்துக்கொள்வோம், இம்முறை 'இருவருக்கு மேல் தாங்காது' என்ற நிபந்தனையோடு. ஏறக்குறைய எல்லோரும் முதலில் 19 என்பார்கள். வேகமான ஆள் ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகிறார்: 2, 1, 5, 1, 10. கூட்டினால் 19. பார்க்க அழகாக இருக்கும், தவறு.

என்னிடம் மூன்று குறிப்புகள் உண்டு, வரிசையாகத்தான் கொடுப்பேன். ஒன்று: '19ஐவிடக் குறைக்கலாம்.' பலருக்கு இதுவே போதும். முடியும் என்று தெரிந்தால் மனம் மறுபடி தேடும். இரண்டு: 'மெதுவான இருவரும் தனித்தனியாகப் போனால் இரண்டு செலவு.' மூன்று: 'டார்ச்சைத் திருப்பிக் கொண்டுவருபவர் எப்போதும் ஒரே ஆளாக இருக்க வேண்டுமா?' மூன்றாவதில் விழாதவர் அரிது. 1, 2 போகிறார்கள் (2 நிமிடம்), 1 திரும்புகிறார் (1), 5, 10 சேர்ந்து போகிறார்கள் (10), அக்கரையில் காத்திருந்த 2 டார்ச்சோடு திரும்புகிறார் (2), 1, 2 மறுபடி போகிறார்கள் (2). மொத்தம் 17.

ஒரு நண்பர் இரண்டு நாள் 19இலேயே நின்றார். வேகமான ஆளை விட்டுவிட்டு வேறொருவர் திரும்பி வருவது அவருக்கு வீண்செலவாகவே தெரிந்தது. ஞாயிறு மாலை உணவு மேசையில் நான்கு கரண்டிகளையும் ஒரு தீப்பெட்டியையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தபோது கை தானாக 17க்குப் போய்விட்டதாம். தலை மறுத்ததைக் கரண்டி ஒப்புக்கொண்டது. பொருளை வைத்து நகர்த்திப் பார்க்கச் சொல்வதும் நல்ல குறிப்புதான். விடையில் ஒரு சொல்கூடக் கசியாது.

ஆங்கிலத்தில் படித்தபோது பிரமாதமாக இருந்த புதிர் தமிழில் சொன்னால் செத்துவிடுகிறது. ஏன்?

எழுத்தையும் ஒலியையும் வைத்து ஆடும் புதிர் மொழி மாறாது. நாம் போடும் 'நாலெழுத்துச் சொல். முழுதாக இருந்தால் கடலில் போகும், கடைசி இரண்டெழுத்து வாய்க்குள் இருக்கும்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கப்பலும் போய்விடும், பல்லும் போய்விடும். அங்கிருந்து இங்கு வருவதும் அப்படித்தான். அவற்றை விட்டுவிடுங்கள்.

சில புதிர்கள் தமிழில் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். விபத்தில் தந்தை இறந்துவிடுகிறார். காயமடைந்த மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அறுவை மருத்துவர் பையனைப் பார்த்துவிட்டு, 'இவன் என் மகன், என்னால் கத்தி வைக்க முடியாது' என்கிறார். எப்படி? மருத்துவர் அவன் தாய். 'என்கிறார்' என்ற மரியாதை விகுதி ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் வாய்ப்பேச்சில் அசந்து 'சொல்கிறாள்' என்று விட்டால் முடிந்தது கதை. எழுதியதை ஒருமுறை விகுதி பார்த்து அனுப்புங்கள்.

ஊர் மாறினால் உடை மாறுவது புதிர்களுக்குப் பழக்கம்தான். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் ஒவ்வொன்றாக அக்கரை சேர்க்கும் புதிர் நமக்கு நன்கு தெரியும். யார்க் நகர அறிஞர் ஆல்குயின் தொகுத்ததாகச் சொல்லப்படும், ஏறக்குறைய 1,200 ஆண்டுப் பழமையான லத்தீன் தொகுப்பில் அது ஓநாய், வெள்ளாடு, முட்டைக்கோசாக இருக்கிறது. இரண்டிலும் படகு ஏழு முறைதான் கடக்கிறது.

'95 சதவீதம் பேரால் முடியாது' என்று வருகிறதே, அதெல்லாம் உண்மையா?

அந்தச் சதவீதத்தை யாரும் எண்ணியதில்லை. சீண்டிவிட்டுப் பகிரவைக்கும் உத்தி அது. அந்த வரியை வெட்டிவிட்டுப் புதிரை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாம் வகுப்புக் கூட்டலாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பாணியில், பழப் படங்களோடு ஒரு சமன்பாடு சுற்றியது. மூன்று பழங்கள், மூன்று நேர்முழு எண்கள். ஒவ்வொரு எண்ணையும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, மூன்று ஈவுகளையும் கூட்டினால் 4 வர வேண்டும். பார்க்கக் குழந்தை விளையாட்டு. அதன் மிகச் சிறிய விடையில் உள்ள எண்கள் ஒவ்வொன்றும் 80 இலக்கங்களை ஒட்டியவை. நீள்வட்ட வளைகோடுகள் என்ற உயர்கணிதம் இல்லாமல் நெருங்க முடியாது. எவரோ ஒரு கணிதக் குறும்பர் அந்தச் சதவீத வியாபாரத்தைக் கேலி செய்திருக்கிறார். அதை நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் அன்றே சொல்லிவிடுங்கள்.

'அடுத்த எண் என்ன?' வகைப் புதிர் கொடுக்கலாமா?

எனக்குப் பிடிக்காது. 1, 2, 4, 8, 16 என்று கொடுத்து அடுத்தது கேட்டால் 32 என்பீர்கள். ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் கோடுகளால் இணைத்து, வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணுங்கள். ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு 31. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. கேட்டவர் மனத்தில் உள்ளதை ஊகிக்கும் ஆட்டமாகிவிடுகிறது இது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், காரணத்தோடு வரும் எந்த விடையையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

8 ÷ 2(2+2) எவ்வளவு? குழுவில் இதற்காகப் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

இது புதிரே அல்ல. இடமிருந்து வலமாகப் போனால் 16. அடைப்பையொட்டிய 2ஐ அதனோடு ஒட்டிய பெருக்கலாக எடுத்தால் 1. 2019இல் உலகமே இதற்கு அடித்துக்கொண்டது. எழுதியவர் இன்னொரு அடைப்புக்குறி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். சமாதானமாகப் போங்கள்.

விடையையும் விளக்கத்தையும் சொன்ன பிறகும் நம்ப மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது?

இந்தக் கேள்வி வருவது பெரும்பாலும் ஒரே புதிரால். மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைத் தேர்கிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த நிகழ்ச்சி நடத்துபவர், மற்ற இரண்டில் ஆடு இருக்கும் ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு, 'மாற்றிக்கொள்கிறீர்களா?' என்கிறார். மாற்றுவதால் பயன் உண்டா? உண்டு. மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மாற்றாவிட்டால் மூன்றில் ஒன்று.

மான்டி ஹால் புதிர் என்பார்கள். ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் 1975இல் ஓர் ஆய்விதழுக்குக் கடிதமாக எழுதியது. 1990இல் மேரிலின் வாஸ் சாவன்ட் தன் பத்திரிகைப் பத்தியில் சரியான விடையைச் சொன்னபோது ஏறக்குறைய 10,000 கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை அவர் தவறு என்றன. எழுதியவர்களில் கணித முனைவர்களும் இருந்தார்கள். ஆகவே நம்பாத உங்கள் நண்பர் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறார். அவரிடம் வாதாடாதீர்கள். கதவுகளை 100 ஆக்குங்கள்: அவர் ஒன்றைத் தேர்ந்த பின், நடத்துபவர் ஆடு இருக்கும் 98ஐத் திறந்து ஒன்றே ஒன்றை மட்டும் மூடி வைக்கிறார். இப்போதும் மாற்ற மாட்டீர்களா? இதற்கும் மசியாவிட்டால் மூன்று சீட்டுகளை எடுத்துக்கொண்டு முப்பது முறை ஆடிவிடுங்கள்.

'கார் எங்கே என்று தெரிந்த' என்ற சொற்களை விட்டுவிட்டால் விடையே மாறிவிடும். நடத்துபவர் குருட்டாம்போக்கில் ஒரு கதவைத் திறந்து தற்செயலாக ஆடு வந்திருந்தால் வாய்ப்பு சரிபாதிதான். உங்கள் நண்பரின் பிடிவாதத்துக்குக் காரணம் அவரா, நீங்கள் அனுப்பிய வாசகமா என்று முதலில் பாருங்கள். பாலத்தில் நான் விழுந்த பள்ளம்தான் இதுவும்.

'என்னை முட்டாளாக்கத்தானே கேட்கிறாய்?' என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

எந்தப் புதிர் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். மட்டையும் பந்தும் சேர்ந்து 1,100 கிராம். மட்டை பந்தைவிட 1,000 கிராம் அதிகம். பந்தின் எடை என்ன? வாயில் வருவது 100. சரியான விடை 50. (பந்து 100 என்றால் மட்டை 1,100, கூடினால் 1,200 ஆகிவிடும்.) உளவியலாளர் ஷேன் ஃபிரெடரிக் 2005இல் விலைக்கணக்காக வெளியிட்ட கேள்வியை எடைக்கு மாற்றியிருக்கிறேன். வாயில் முதலில் வருவதை அடக்கி யோசிக்கிறோமா என்று பார்ப்பதற்காகவே உருவானது அது. நாலு பேர் முன்னால் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இதைக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். பொறிவைக்கும் புதிர்களை எழுத்தில் மட்டும் கொடுங்கள், எல்லோருக்கும் பொதுவாக. நான் விழுந்த கதையையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நான் 100 என்றுதான் சொன்னேன், அதுவும் உரக்க.

விடையே இல்லாத புதிரைக் கொடுப்பது மோசடியா?

'முடியுமா?' என்று கேட்டால் மோசடி இல்லை, 'எப்படி?' என்று கேட்டால் மோசடி. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒரே முறை கடந்து நடந்து வர முடியுமா என்பதற்கு, முடியாது என்று நிரூபித்துத்தான் ஆய்லர் 1736ஆம் ஆண்டுக் கட்டுரையில் புதியதொரு கணிதத்துக்கே வழி திறந்தார். நகரின் நான்கு நிலப்பகுதிகளையும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாலங்கள் தொடுகின்றன. வழியில் உள்ள ஓரிடத்துக்கு வந்து போக இரண்டு இரண்டாகத்தான் பாலம் செலவாகும். ஆகவே ஒற்றைப்படை இடங்கள் தொடக்கமாகவோ முடிவாகவோ மட்டுமே இருக்கலாம். அப்படி நான்கு இருந்தால் முடிந்தது.

மறுபக்கத்துக்கு உதாரணம், நகர்த்தும் 15 கட்டப் புதிர்: நாலுக்கு நாலு சட்டத்தில் 1 முதல் 15 வரை எண்ணிட்ட கட்டங்களை, காலியான ஓரிடத்தின் வழியே நகர்த்தி வரிசைப்படுத்துவது. 14ஐயும் 15ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்து, சரிசெய்பவருக்கு 1,000 டாலர் என்று அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லாய்ட் பரிசு அறிவித்தார். பணம் பத்திரமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அது முடியாது என்று 1879இலேயே ஆய்வுக் கட்டுரை வந்தாயிற்று. அந்தப் புதிரைத் தானே உருவாக்கியதாகவும் சொல்லிக்கொண்டார், அதுவும் பொய். நண்பர்களிடம் லாய்ட் ஆகாதீர்கள்.

இணையத்திலும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிலும் கேட்டு விடை சொல்கிறார்களே?

சொல்லட்டும். பரிசு எதுவும் கொடுக்காதீர்கள், பாதிப் பேருக்கு ஏமாற்றத் தேவையே இருக்காது. மீதிப் பேருக்காக, புகழ்பெற்ற புதிரில் ஒரே ஒரு நிபந்தனையை மாற்றிக் கொடுங்கள். நடத்துபவருக்குக் கார் இருக்குமிடம் தெரியாத மூன்று கதவு இதற்கு நன்றாக உதவும். தேடிப் பிடித்தவர் மூன்றில் இரண்டு என்று அனுப்புவார். யோசித்தவர் சரிபாதி என்பார்.

பழைய புதிரின் பெயர்களை மாற்றி என் புதிராகக் கொடுத்தால் திருட்டா?

தருக்கத்தை எடுத்து உங்கள் சொற்களில் எழுதலாம். ஆல்குயின் காலத்திலிருந்தே அப்படித்தான் நடக்கிறது. இன்னொருவர் எழுதிய வாசகத்தையும் படத்தையும் அப்படியே எடுத்து 'நான் போட்டது' என்பதுதான் திருட்டு. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

உடையை மாற்றும்போது கடினமும் மாறும் என்பதைக் கவனியுங்கள். மேசையில் நான்கு அட்டைகள்: அ, ம, 4, 7. ஒவ்வொன்றின் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்' என்ற விதி சரியா என்று சோதிக்க எவற்றைப் புரட்டியாக வேண்டும்? பீட்டர் வேசன் 1966இல் முன்வைத்த சோதனையின் தமிழ் வடிவம் இது. பெரும்பாலோர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. நான்கின் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். இதையே, பீர் குடிப்பவருக்குக் குறிப்பிட்ட வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியாக்கி, பீர், குளிர்பானம், 22 வயது, 16 வயது என்று நான்கு அட்டைகள் வைத்தால் எவருக்கும் தெரிகிறது: பீர்காரரின் வயதையும் 16 வயதுக்காரரின் கோப்பையையும் பார்க்க வேண்டும். 1982இல் செய்த சோதனையில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் இதைச் சரியாகச் சொன்னார்கள். ஆகவே கஷ்டமான புதிரை எளிதாக்க எண்களைக் குறைக்க வேண்டியதில்லை, கதையை மாற்றினால் போதும்.

இப்படிப் புதிர் போட்டால் மூளை கூர்மையாகுமா?

புதிர் போடுவதில் கூர்மையாகும். அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். 2010இல் 11,430 பேரை ஆறு வாரம் கணினிவழிப் பயிற்சியில் ஈடுபடுத்திய ஓர் ஆய்வு, பழகிய வேலையில் தேர்ச்சி கூடியதையும், பழகாத வேலைக்கு அது தாவாததையும் கண்டது. நாங்கள் போடுவது சுவைக்காக.

'அவனுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்' வகைப் புதிரில் தலை சுற்றுகிறது. இதை எப்படி விளக்குவது?

2015இல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய ஷெரில் பிறந்தநாள் புதிரையே எடுத்துக்கொள்வோம். ஷெரில் பத்துத் தேதிகள் தருகிறாள்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. ஆல்பர்ட் காதில் மாதத்தை மட்டும், பெர்னார்ட் காதில் நாளை மட்டும் சொல்கிறாள். ஆல்பர்ட்: 'எனக்குத் தெரியவில்லை, பெர்னார்டுக்கும் தெரியாது என்பது தெரியும்.' பெர்னார்ட்: 'முதலில் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது.' ஆல்பர்ட்: 'அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது.'

பேசுபவர்களை மறந்துவிட்டு, பத்துத் தேதிகளையும் தாளில் எழுதி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். 18, 19 இரண்டும் ஒரே முறைதான் வருகின்றன. அந்த நாளைக் கேட்டிருந்தால் பெர்னார்டுக்கு உடனே தெரிந்திருக்கும். அது நடக்கவே முடியாது என்று ஆல்பர்ட் உறுதியாகச் சொல்வதால் அவர் கேட்ட மாதம் மே அல்ல, ஜூனும் அல்ல. ஐந்து தேதிகள் அடிபட்டன. மீதியில் 14 இரண்டு மாதத்திலும் இருக்கிறது. பெர்னார்ட் தெரிந்துவிட்டது என்பதால் 14 இல்லை. மிஞ்சியவை ஜூலை 16, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 17. ஆல்பர்டுக்கும் தெரிந்துவிட்டதென்றால் ஒரே தேதி உள்ள மாதம்: ஜூலை 16. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு அழிப்பான் என்று எடுத்துக்கொண்டால் தலை சுற்றாது.

எனக்கே விடை பிடிபடாத புதிரைக் கொடுக்கலாமா?

சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். ஜார்ஜ் பூலோஸ் 1996இல் எழுதிய மூன்று தெய்வங்கள் புதிரை நான் அப்படித்தான் கொடுத்தேன். ஒரு தெய்வம் உண்மையே பேசும், ஒன்று பொய்யே பேசும், ஒன்று தோன்றியபடி பேசும். 'டா', 'ஜா' என்று மட்டும் பதில் சொல்லும். எது ஆம், எது இல்லை என்று நமக்குத் தெரியாது. ஆம், இல்லை எனப் பதில் வரும் மூன்றே கேள்விகளில் யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். விடையை மூன்று முறை படித்தவன் நான். தாளை மூடியதும் மறந்துவிடும். அதையும் புதிரோடு சேர்த்தே எழுதினேன்.

பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கு, பாலத்தில் பத்து நிமிடம் என்றாரே, அதே தோழி போன் செய்தார். தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. முதல் கேள்வியை விளக்கினார், புரிந்தது. இரண்டாவதை விளக்கினார், புரிந்ததுபோல் இருந்தது. மூன்றாவதில் நான் ஒரு சந்தேகம் கேட்டேன். அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமே இல்லை, தாள் புரளும் ஓசை மட்டும். பிறகு, 'இருங்கள், காபி போட்டுக்கொண்டு முதலிலிருந்து வருகிறேன்' என்றார்.